வேன் எங்கே எங்கே நிற்கும்?



சுற்றுலா என்று பேச்செடுத்தாலே நம் குழுக்களில் முதல் கேள்வி, "எத்தனை இடம் பார்க்கலாம்?" என்பதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் திட்டம் போட்டேன். ஒரே நாளில் ஐந்து இடம். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பிய வேன் வழியில் ஒரே ஒரு இடத்தில் நின்றது. அங்கே கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பாதிப் பேர் போகாமலே வந்து ஏறிக்கொண்டார்கள். இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்து, பல அக்காக்கள் முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லையாம். திரும்பி வந்த மூன்றாம் நாள் ஒரு உறுப்பினருக்கு நீர்க்கடுப்பு, குளிர்காய்ச்சல். சிறுநீர்ப் பாதையில் கிருமி என்றார் டாக்டர். திட்டம் போட்டது நான்தானே, வேறு யாரைச் சொல்ல?

அதனால் இந்த வருஷம் நிற்கிற இடங்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு பயணம் வைத்தோம். தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, ராஜாமடம் வழியாக மணமேல்குடி வரை. நிற்காமல் போனால் அரை நாள் கூட ஆகாது. நாங்கள் ஒரு முழுப் பகல் எடுத்துக்கொண்டோம்.

ஏன் இந்தப் பாதை? ராமேஸ்வரம் போகிற யாத்ரீகர்கள் நடந்துபோன பழைய வழி இது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இந்த வழியில் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம், ராஜாமடத்தில் மோகனாம்பாள் சத்திரம், மணமேல்குடியில் திரௌபதாம்பாள் சத்திரம் என்று எல்லாமே பெண்கள் பெயரில்! முக்தாம்பாள் இரண்டாம் சரபோஜி மன்னரின் அன்புக்குரியவர். தன் பெயரில் அன்னசத்திரம் வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கண்மூடினார் என்பார்கள். 1802-ல் கட்டியது. சுவரோரம் கல் சக்கரம், இழுத்துப் போகிற குதிரை, யானை எல்லாம் செதுக்கி, கட்டடமே தேர் மாதிரி இருக்கும்.

ஆனால் எங்கள் பெண்களை அசர வைத்தது கட்டடம் இல்லை. சத்திரங்களில் என்னென்ன நடக்கிறது என்று 1801-ல் சரபோஜி மன்னர் ஆங்கிலேய அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் உள்ளதை நிழலில் உட்கார்ந்து சொன்னேன். நடு ராத்திரி வரை சோறு போடுவார்கள். அப்புறம் மணி அடித்து, சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று கூப்பிடுவார்கள். கைக்குழந்தைக்குப் பால். நோயாளிக்கு வைத்தியர், பத்தியச் சாப்பாடு. வழியில் வந்த கர்ப்பிணிக்கு அங்கேயே பிரசவம் ஆனால் செலவு அரசாங்கத்துடையது. மூன்று மாதம் வரை தங்கிக்கொள்ளலாம். "மூணு மாசமா! எங்க வீட்டுல கூட அவ்வளவு நாள் படுக்க விடலையே" என்றார் ஒரு அக்கா. எல்லோரும் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை.

எல்லாம் பொன்னான காலம் என்றும் நினைத்துவிடக் கூடாது. சாதிக்கொரு பந்தி இருந்த காலம் அது.

சுமைதாங்கிக் கல் பற்றியும் பேச்சு வந்தது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காகப் போட்டிருப்பார்களே, அதுதான். தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல், ஆள் துணை இல்லாமல் இறக்கி வைக்கிற உயரம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகத்தான் அதை வைப்பார்கள். அவள் இறக்கி வைக்காமல் போன சுமைக்காக ஊரார் சுமையை அது தாங்கும். சாலையை அகலப்படுத்தும்போது பல இடங்களில் பெயர்த்துப் போட்டுவிட்டார்கள். உங்கள் ஊரில் நின்றால் குப்பை கொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நம் பயணத்துக்கு வருவோம். இந்த முறை ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை வேனை நிறுத்தினோம். எங்கே நிற்பது என்று முந்தின வாரமே இரண்டு உறுப்பினர்கள் பஸ்ஸில் போய்ப் பார்த்து வந்தார்கள். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, நாப்கின் போட வாளி இருக்கிறதா என்று மூன்றையும் நோட்டில் எழுதினார்கள். தேசிய நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்கில் கழிவறையும் குடிநீரும் பயணிகளுக்கு இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு பங்கில் பூட்டி வைத்திருந்தார்கள். நம் ஊக்குநர் போய், "தம்பி, சாவி குடுங்க" என்று நிதானமாகக் கேட்டார். கொடுத்துவிட்டார்கள். தேசிய நெடுஞ்சாலையில் குறை சொல்ல 1033 என்ற எண் இருக்கிறது, குறித்துக்கொள்ளுங்கள்.

வேனில் ஒரு குடம் தண்ணீர், எவர்சில்வர் டம்ளர்கள். போகும்போது யாரும் குடிக்கவில்லை. மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும் குடம் காலியாகிவிட்டது. மணமேல்குடியில் மறுபடி நிரப்பினோம்.

அடுத்த பயணம் தை மாதம். பெயர் கொடுப்பவர்கள் மாதக் கூட்டத்தில் பிரதிநிதியிடம் கொடுங்கள். வழி பார்த்து வர இரண்டு பேர் தேவை. பஸ் செலவு கூட்டமைப்புடையது.