இராயக்கோட்டை வானம்

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், கன்னட நாட்டை ஒட்டி, பாறைக் குன்றுகள் நிறைந்த மேட்டுநிலம் ஒன்று உண்டு. அதன் தலைவாயிலாக விளங்குவது ஓசூர். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த அவ்வூரிலிருந்து கிருட்டிணகிரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை மெல்ல மெல்லத் தாழ்நிலத்திற்கு இறங்குகின்றது. இன்று ஓசூரைச் சூழத் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. ஆயினும், அவற்றின் கூரைகளுக்கு மேலே விரிந்து கிடக்கும் வானம் பண்டைய அழகு மாறாதது. கோடைக் காலத்துப் பிற்பகலில் அங்குத் திரண்டெழும் கார்முகிலும், அதனூடே பாய்ந்து ஒரு குன்றை மட்டும் பொன்னாக்கும் கதிரொளியும் காண்போர் கண்ணைக் கவரும்.

இக்காட்சியைப் படமாக்கும் முயற்சி இவ்வட்டாரத்திற்குப் புதியதன்று. தாமசு தானியேல், வில்லியம் தானியேல் என்னும் ஆங்கில ஓவியர் இருவர் 1792ஆம் ஆண்டில் இவ்வழியே சென்று, இராயக்கோட்டையையும் ஓசூரையும் வரைந்தனர். அவர்களுக்குப் பின், 1857ஆம் ஆண்டின் இறுதியில், நிழற்படக் கருவியுடன் வந்தார் ஒருவர். அவர் பெயர் லின்னேயசு டிரைப். கும்பினிப் படையில் பணியாற்றிய அவர், சென்னை மாகாண அரசினரின் நிழற்படக் கலைஞராக அமர்த்தப் பெற்றிருந்தார். பெங்களூரிலிருந்து புறப்பட்டுத் தெற்கு நோக்கிச் சென்ற அவர், இராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் படம் எடுத்தார். அப்படங்கள் 1858இல் ஒரு தொகுதியாக வெளிவந்தன.

அந்நாளில் படம் எடுப்பது எளிய செயலன்று. கருவியோ மிகப் பெரியது. மெழுகு ஊட்டி, வெள்ளி உப்பு ஏற்றிய தாளே ஒளியை வாங்கும் பரப்பு. அத்தாளில் முதலில் பதிவது எதிர்ப்படிவம். ஒளி மிகுந்த இடம் அதில் கருமையாகவும், ஒளி குறைந்த இடம் வெளிறியும் தோன்றும். அதனின்று வேறொரு தாளில் படி எடுக்கும்போது, கருமை வெண்மையாகவும் வெண்மை கருமையாகவும் மாறி, உண்மைத் தோற்றம் கிடைக்கும்.

இம்முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. அக்கால வெள்ளி உப்புகள் நீல ஒளிக்கும் ஊதா ஒளிக்குமே விரைந்து இசைந்தன. செம்மண்ணின் நிறத்திற்கும் தழையின் பசுமைக்கும் எளிதில் இசையவில்லை. எனவே, குன்றும் மரமும் பதியும்வரை கருவியின் வாயைத் திறந்து வைத்தால், நீல வானமும் வெண்முகிலும் ஒன்றுபோல் முற்றக் கருத்துவிடும். வானம் எது, முகில் எது என்னும் வேறுபாடே மறையும். படியிலோ வானம் எழுதாத தாள்போல் வெறிதே கிடக்கும். அன்றியும், படம் பதியும் நேரத்திற்குள் முகில் நகர்ந்துவிடும்.

டிரைப் இதற்கு ஒரு வழி கண்டார். எதிர்ப்படிவத்தின் வானப் பகுதியில் தூரிகையால் வண்ணம் தீட்டினார். வண்ணம் ஒளியைத் தடுத்தமையால், படியில் அவ்விடங்கள் வெண்முகில்களாகத் தோன்றின. அவருடைய படங்கள் பலவற்றில் மிதக்கும் முகில்கள் வானம் தந்தவை அல்ல. அவர் கை தந்தவை. கோட்டையும் குன்றும் மெய், முகிலோ புனைவு. ஓவியன் முகிலை வரைந்தால் குறை கூறுவார் இலர். ஆனால் நிழற்படம், கண்ட காட்சியின் சான்று எனக் கருதப்படுவது. சான்றில் கைவண்ணம் கலக்கலாமா என்னும் வினா அன்றே எழத்தக்கதாயிற்று.

அறிவியல் இவ்வினாவிற்கு ஒருவாறு விடை தந்தது. 1873ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் எர்மன் ஓகெல், வெள்ளி உப்புடன் சாயம் சேர்த்தால் அது பிற நிறங்களுக்கும் இசையும் எனக் கண்டறிந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எல்லா நிறங்களையும் ஏற்கும் தகடுகள் கடைக்கு வந்தன. கருவியின் முன் மஞ்சள் கண்ணாடி ஒன்றைப் பொருத்தினால், அது நீல ஒளியை ஓரளவு தடுத்து, வானத்தைச் சற்றுக் கருமையாக்கும். முகில் தனித்து ஒளிரும். தூரிகையின் துணையின்றியே மெய்ம்முகில் படத்தில் இடம் பெற்றது.

ஆயினும், நல்ல படத்திற்குக் கருவி மட்டும் போதாது, காலமறிதலும் வேண்டும். காலையிலும் மாலையிலும் கதிரொளி சாய்ந்து, காற்று மண்டலத்தில் நெடுந்தொலைவு கடந்து வருகின்றது. வழியில் நீல ஒளி சிதறிப் போக, செம்மையும் பொன்மையும் எஞ்சுகின்றன. அச்சாய்ந்த ஒளியில் ஒவ்வொரு பாறையும் நீண்ட நிழல் வீழ்த்துவதால், குன்றின் மேடும் பள்ளமும் தெளிவாகும். மழை ஓய்ந்த உடனே காற்றிலுள்ள தூசி கழுவப்படுவதால், தொலைவிலுள்ள மலையும் அருகில் வந்து நிற்பதுபோல் தோன்றும். வானவில்லைத் தேடுவோர் கதிரவனுக்கு முதுகு காட்டி நிற்றல் வேண்டும். மாலையில் அது கீழ்வானில் தோன்றும்.

அழகைத் தேடுவோர் ஆபத்தையும் அறிதல் வேண்டும். மொட்டைப் பாறையின் உச்சியும், தனி மரத்தின் அடியும் மின்னலுக்கு இலக்காகும் இடங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் செல்ல ஏறத்தாழ 3 நொடி ஆகும். மின்னலைக் கண்டு 30 நொடிக்குள் இடி கேட்பின், இடிமுகில் 10 கிலோமீட்டருக்குள் உள்ளது என்பது பொருள். அப்போது படத்தை மறந்து, உறுதியான கட்டடத்திற்குள் புகுவதே அறிவுடைமை.

இன்று கணிப்பொறி, ஒரு வானத்தை அகற்றி வேறொரு வானத்தை நொடியில் பொருத்திவிடும். டிரைப் தம் முகில்களைத் தீட்டியது கருவியின் குறையால். இன்று அக்குறை இல்லை. கிருட்டிணகிரியின் மாந்தோப்பு உழவர் கோடை முகிலை வேறு கண்ணால் நோக்குவர். அதனுடன் வரும் சூறைக்காற்று ஒரு பருவத்துக் காய்களை உதிர்த்துவிடக் கூடும். அம்முகிலின் மெய்யான வடிவத்தைக் காட்டும் படம், அந்நாளின் வரலாறு. பொய்யான முகிலைக் காட்டும் படம் எத்துணை அழகியதாயினும், அந்நாளைப் பற்றி ஒன்றும் உரைக்காது. புனைந்தால் புனைந்தது எனக் கூறுதலும், சான்று எனின் உள்ளதை உள்ளவாறே காட்டுதலும் நிழற்படக் கலைஞர்க்குரிய நேர்மையாகும். அந்நேர்மை உடையவர் மழைக்காக உழவரைப்போலவே காத்திருப்பர். காத்திருந்து பெற்ற ஒளியே அவர் படத்திற்கு உயிராகும்.