கண்புரையும் காவல் நொதிகளின் சிதைவும்

'புரை' என்னும் சொல் திருக்குறளில் குற்றம் என்னும் பொருளில் வருதலை அறிஞர் அறிவர். கண்புரையாவது விழியாடி தெளிவிழந்து மங்கும் குற்றம். அது விளையுமாற்றை வேதியியல் நோக்கில் ஈண்டு ஆராய்வாம்.

உயிரணு உயிர்வளியைப் பயன்கொள்ளுங்கால் அதன் சிறுபகுதி சூப்பராக்சைடாகத் திரியும். அதனை ஐதரசன் பெராக்சைடாக மாற்றுவது சூப்பராக்சைடு டிசுமியுட்டேசு என்னும் நொதி. இதன் செயலை மெக்கார்டும் பிரிடோவிச்சும் 1969-இல் வெளியிட்டனர். அப்பெராக்சைடை நீராகவும் உயிர்வளியாகவும் பிரிப்பது கேட்டலேசு. பெராக்சைடு மிகின், முதல் நொதியின் செம்பைப் பற்றி நிற்கும் இசுட்டிடின் சிதையும். சூப்பராக்சைடு மிகின், கேட்டலேசு வலி குன்றும். எனவே ஒன்றன் தளர்ச்சி மற்றொன்றன் தளர்ச்சிக்கு ஏதுவாகின்றது. நீரிழிவிலோ, சர்க்கரையும் முதல் நொதியின் லைசினைப் பற்றி அதன் வினையைக் குறைக்கும்.

பிற உறுப்புகளிற் சிதைந்த நொதிக்கு ஈடாகப் புதியது தோன்றும். விழியாடியின் நடுப்பகுதி அணுக்களோ உட்கருவை இழந்தவை. ஆதலின் ஆங்கு அவ்வீடு இல்லை.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையார் பங்கேற்ற ஓர் ஆய்வில், தென்னாட்டுச் சிற்றூர்வாழ்நர் 798 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவார்க்கு ஐந்தாண்டு பீட்டா கரோட்டினும் சி, ஈ வைட்டமின்களும், மற்றவர்க்கு வெற்று மாத்திரையும் தரப்பட்டன. 2006-இல் வெளியான முடிவின்படி, புரையின் வளர்ச்சி தடைப்படவில்லை. வைட்டமின் சிதைந்த நொதியை மீட்பதன்று என்னும் கருத்தோடு இம்முடிவு இயைகின்றது. ஆயினும் காரணம் அதுவே என அவ்வாய்வு நிறுவிற்றென யாம் கூறோம். மங்கிய ஆடியை அகற்றிச் செயற்கையாடி பொருத்தும் அறுவையே இன்றும் உறுதியான மருத்துவம்.