காந்த மோட்டார் தண்ணீர் இறைக்குமா?



காட்டாங்குளத்தூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்கிறார்: "ஐயா, கரண்டும் வேண்டாம், டீசலும் வேண்டாம், காந்தத்திலேயே ஓடுற மோட்டார்னு ஒருத்தர் சொல்றாரு. சக்கரம் நிக்காம சுத்துறதை செல்போனிலே காட்டுறாரு. பம்ப்செட்டுக்குப் பண்ணித் தர்றேன், முன்பணம் குடுங்கங்கிறாரு. குடுக்கலாமா?"

குடுக்காதீங்க. காரணத்தைச் சொல்கிறேன்.

காந்தத்துக்குப் பலம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. பக்கத்தில் ஆணியைக் கொண்டுபோனால் தானாக ஓடி ஒட்டிக்கொள்ளும். ஆனால் பிடுங்கிப் பாருங்கள். அது இழுத்த அளவுக்கு நீங்கள் பலம் கொடுத்தால்தான் விடும். கவலை இறைத்த பெரியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். சரிவில் இறங்கும்போது மாட்டுக்கு அதன் எடையே துணை. அடுத்த சாலுக்கு மேட்டில் ஏறித்தானே ஆகணும்? மாடு தீனி தின்பதால் ஏறுகிறது. காந்தத்துக்கு யார் தீனி போடுவது?

சக்கரத்தில் காந்தத்தை எப்படிப் பதித்தாலும் இதே கதைதான். கிட்டே வரும்போது கொடுத்ததை, விலகும்போது திரும்ப வாங்கிக்கொள்ளும். ஒரு சுற்று முடிந்தால் மிச்சம் ஒன்றுமில்லை. அச்சில் உராய்வு வேறு. கையால் தள்ளிவிட்ட வேகம் தீர்ந்ததும் நின்றுவிடும்.

"கரண்டு மோட்டாரிலும் காந்தசக்திதானே சுத்துது?" என்பீர்கள். வாஸ்தவம். அந்தக் காந்தசக்தியை உண்டாக்கிச் சுழலவிடுவதே கரண்டுதான். சைக்கிள் டைனமோவை நினைத்துப் பாருங்கள். உள்ளே காந்தம் இருக்கிறது. ஆனாலும் விளக்குப் போட்டதும் பெடல் கனக்கிறதே!

ஆயிரம் லிட்டர் தண்ணீரை 30 மீட்டர் தூக்க, எந்த நஷ்டமும் இல்லாமலே, ஒரு யூனிட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு வேண்டும். அதை எங்கிருந்தாவது கொண்டுவந்துதான் ஆகணும். சோலார் பம்ப் வெயிலிலிருந்து எடுக்கிறது.

இந்த ஆசை புதுசு இல்லை. பாஸ்கராச்சாரியாரே 12-ஆம் நூற்றாண்டில் பாதரசம் அடைத்த ஆரங்கள் கொண்ட, தானே சுழலும் சக்கரம் ஒன்றை எழுதிவைத்தார். இன்றைக்கு இயற்கை விதிக்கு வெளிப்படையாக முரணானதற்கு 1970-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவுப்படி காப்புரிமை கிடையாது. உங்கள் ஜி.எஸ்.டி. சாலையிலேயே, கிண்டியில்தான் அந்த அலுவலகம் இருக்கிறது, விசாரித்துக்கொள்ளலாம்.

செல்போன் படத்தில் சக்கரம் தெரியும். அடிப்பலகைக்குள் ஒளித்த பேட்டரி தெரியாது. ஆகவே அந்த ஆளிடம் சொல்லுங்கள்: "மோட்டாரை எங்க கிணத்துக்கே கொண்டா. பலகை, பெட்டி எல்லாம் கழட்டிப் போடு. ஒரு வாரம் ராப்பகலா தண்ணி இறைச்சுக் காட்டு, அப்புறம் பணம்."