நீர்வர்ணம் காத்த கல்



கல்லில் எழுதியது நிலைக்கும், நீரில் எழுதியது நில்லாது என்பது நம்மவர் எண்ணம். அந்த எண்ணம் தலைகீழாகிப்போன ஓர் ஊரைப் பற்றி இன்று பேச விழைகிறேன்.

ஊரின் பெயர் ஆனி. 961 ஆம் ஆண்டு ஆர்மீனிய அரசின் தலைநகரானது. திர்தாத் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த அதன் பேராலயம் 1001 இல் நிறைவுற்றது. படையெடுப்புகளும் 1319 இன் நிலநடுக்கமும் நகரை நலிவித்தன. இன்று அது துருக்கியின் கிழக்கு எல்லையில், அஹுரியான் ஆற்றின் கரைமேட்டில் பாழூராய்க் கிடக்கிறது. மறுகரை ஆர்மீனியா. ஆற்றுச் சரிவிலே கன்னியர் மடமொன்றின் சிறு தேவாலயம் தனித்து நிற்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்து வரைந்தவர் அர்ஷாக் ஃபெத்வஜியான் (1866–1947). அவர் தேர்ந்த ஊடகம் நீர்வர்ணம். ஏன் நீர்வர்ணம்? அக்காலப் புகைப்படம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. சுவரின் வடிவத்தைத் தரும், நிறத்தைத் தராது. ஆனியின் கட்டடங்களோ செம்மையும் தேன்நிறமும் கருமையுமான எரிமலைக் கற்களால் ஆனவை. நிறம் போனால் பாதி உண்மை போயிற்று.

நீர்வர்ண முறையில் வெளிச்சம் பூசப்படுவதில்லை. வெண்தாளைத் தீண்டாது விடுவதே வெளிச்சம். மெல்லிய பூச்சின்மேல் பூச்சாக நிழல் படிகிறது. உலர்ந்தபின் திருத்துவது கடினம். ஆகவே ஓவியன் முதலில் நன்கு பார்க்கவேண்டும். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். நிலக்காட்சி ஓவியத்தை மாணவருக்கு விளக்கும்போது நான் இதையே சொல்வதுண்டு: எந்த நிலம், எந்தப் பொழுது என்று முதலில் கேளுங்கள்.

பின்னர் நடந்ததென்ன? ஆனியின் மீட்பர் தேவாலயம் 1957 இல் சரிபாதி இடிந்து வீழ்ந்தது. அயலில், ஐந்து தேவாலயங்கள் கொண்டிருந்த ஹ்ட்ஸ்கொங்க் மடாலயத்தில் இன்று ஒன்றே எஞ்சியுள்ளது. 2016 இல் யுனெஸ்கோ ஆனியை உலக மரபுரிமையாக ஏற்றது. ஆனால் வீழ்ந்த கல் வீழ்ந்ததுதான்.

ஃபெத்வஜியானின் தாள்களோ யெரெவான் வரலாற்று நூதனசாலையில் உள்ளன. அவற்றை வெறும் அழகுப் படங்களாக மட்டும் நான் கொள்ளேன், அவை சாட்சியங்கள். நீர்வர்ணமும் வெயில்பட்டால் வெளிறும். தாளும் கல்லைப் போலவே, காப்பார் இருந்தால்தான் வாழும்.