எஞ்சினுக்கும் நாடி உண்டு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

காலை ஒன்பதரை மணிக்கு நம் கல்லூரி வாயிலில் சற்று நேரம் கண்களை மூடிக்கொண்டு நின்று பாருங்கள். வண்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே நுழையும். ஒன்று பூனைபோல் வரும். மற்றொன்று தையல் இயந்திரம்போல் ‘டிக் டிக்’ என்று வரும். இன்னொன்று தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியதுபோல் வரும். வந்தவர் யார் என்று கண்ணைத் திறக்காமலே சொல்லிவிடலாம். ஆனால் அந்த வண்டிக்கு என்ன நோய் என்று சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்?

நாடி பிடித்துப் பார்த்து நோயைச் சொல்லும் வைத்தியர்கள் நம் ஊர்களில் இருந்தார்கள். எஞ்சினுக்கும் நாடி உண்டு. அதன் சத்தமே அதன் நாடி. அந்த நாடியைப் பற்றியும், அது கெடாமல் காக்கும் எண்ணெயைப் பற்றியும் சில செய்திகளை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதை எழுத எனக்குத் தகுதி வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓர் இழப்பும் ஒரு பாடமும்

என் தந்தை பால் வியாபாரி. விடியற்காலையில் இரண்டு கேன்களை வண்டியின் இருபுறமும் கட்டிக்கொண்டு, நாளொன்றுக்கு ஐம்பது கிலோமீட்டர் சுற்றி வருவார். வண்டி, பழையதாக வாங்கிய 100 சி.சி. மோட்டார் சைக்கிள். 2023-ஆம் ஆண்டு, நான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிக்கொண்டிருந்த சமயம், அந்த வண்டியிலிருந்து ‘கரகர’ என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. “என்னடா சத்தம் இது? நீதான் சயின்ஸ் படிக்கிறவனாச்சே” என்று அப்பா கேட்டார். “பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்” என்று புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னேன்.

மே மாதத்தில் ஒரு நாள் காலை, பால் கேன்களோடு மேட்டில் ஏறும்போது எஞ்சின் பூட்டுப்போட்டதுபோல் நின்றுவிட்டது. கிக்கரை மிதித்தால் அசையவில்லை. பட்டறையில் ஆயில் வடிக்கும் போல்ட்டைக் கழற்றியபோது, ஏறத்தாழ ஒரு லிட்டர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு டம்ளர் அளவுதான் வந்தது. அதுவும் தார்போல் வந்தது. கணக்குப் பார்த்தோம். கடைசியாக ஆயில் மாற்றிப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. பதினாறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓடியிருந்தது. “ஓடுற வண்டியில எதுக்குக் கை வைக்கணும்?” என்பது அப்பாவின் கொள்கை. மெக்கானிக் அண்ணன் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: “தம்பி, வண்டி ரெண்டு மாசமா சொல்லியிருக்கும். நீங்கதான் கேக்கல.”

செலவு ஏழாயிரத்து எண்ணூறு ரூபாய். என் கல்லூரிச் சேர்க்கைக்கும் புத்தகத்துக்கும் சேர்த்து வைத்திருந்த எட்டாயிரம் ரூபாய் அதற்குப் போயிற்று. வண்டி இல்லாத பத்து நாட்களில் பாதி வாடிக்கை வேறு கைக்கு மாறியது. நான் அந்த ஆண்டு கல்லூரியில் சேரவில்லை. அதே பட்டறையில் ஓராண்டு உதவியாளாக இருந்துவிட்டு, 2024-இல்தான் இங்கே வந்து சேர்ந்தேன். ஸ்பேனர் பிடித்துக் கற்றதும், நம் ஆய்வகத்தில் கற்றதும் சேர்ந்ததே பின்வரும் பகுதி.

எண்ணெய் என்ன செய்கிறது?

சிறிய வண்டி என்று நாம் நினைக்கும் 100 சி.சி. எஞ்சினுக்குள் நடப்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றும்போது பிஸ்டன் ஒரு விநாடியில் நூறு முறை மேலே போய், நூறு முறை கீழே வருகிறது. ஒரு வீச்சு ஏறத்தாழ 50 மில்லிமீட்டர். ஆகவே பிஸ்டன் விநாடிக்குச் சராசரியாகப் பத்து மீட்டர் வேகத்தில் சிலிண்டர் சுவரை உரசிச் செல்கிறது. ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் நின்று திரும்புகிறது. அலுமினியமும் இரும்பும் நேராக உரசினால் இது சில நிமிடங்கள்கூட நடவாது.

நடக்கிறது என்றால், இரண்டுக்கும் இடையே எண்ணெய்ப் படலம் இருப்பதே காரணம். இதில் ஒரு சுவையான வரலாறு உண்டு. 1880-களில் இங்கிலாந்தில் போஷம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். பேரிங்கின் உச்சியில் எண்ணெய் விடுவதற்காக ஒரு துளை போட்டார். எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாக வெளியே பொங்கி வந்தது. மரத்தக்கையால் அடைத்தார். தக்கையையும் அது தள்ளிவிட்டது! சுழலும் அச்சே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்து, பெரும் அழுத்தத்தை உண்டாக்கி, அதன்மேல் மிதக்கிறது என்பது அப்போது தெரிந்தது. இதற்கான கணித விளக்கத்தை 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் அளித்தார். திரவ ஓட்டத்தில் ‘ரெனால்ட்ஸ் எண்’ என்று நாம் படிக்கிறோமே, அவரேதான்.

இந்தப் படலம் உண்டாக இரண்டு தேவை: நகரும் வேகம், எண்ணெயின் பாகுநிலை. பிஸ்டன் வேகமாகச் செல்லும் நடுப்பகுதியில் படலம் நன்றாக அமைகிறது. நின்று திரும்பும் உச்சியில் மெலிகிறது. சிலிண்டர் மேற்பகுதியில் அதிகம் தேய்வதற்கு இது ஒரு காரணம். காலையில் வண்டியைக் கிளப்பியவுடன் முறுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. இரவெல்லாம் கீழே வடிந்து கிடந்த எண்ணெய் மேலே ஏற அரை நிமிடமாவது கொடுக்கவேண்டும்.

உராய்வைக் குறைப்பதோடு எண்ணெயின் வேலை முடியவில்லை. சூட்டை ஏந்திக்கொண்டு போகிறது. கரியைக் கழுவித் தன்னுள் வைத்துக்கொள்கிறது. பிஸ்டன் வளையங்களின் இடுக்கை அடைக்கிறது. துருவைத் தடுக்கிறது. உலோகங்கள் மோதும்போது மெத்தைபோல் இருந்து சத்தத்தையும் அடக்குகிறது. நம் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் எஞ்சினுக்கும் கியருக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே எண்ணெய்தான். காரில் ஊற்றும் எண்ணெயைப் பைக்கில் ஊற்றலாகாது என்பதற்கு இதுவே காரணம். உராய்வை மிகவும் குறைக்கும் சில கார் எண்ணெய்கள் கிளட்ச் பிளேட்டுகளையும் வழுக்கவைத்துவிடும். எனவே மோட்டார் சைக்கிளுக்கு உரிய ‘ஜாஸோ எம்.ஏ.’ என்ற குறி டப்பாவில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குதல் நலம்.

சத்தங்களின் அகராதி

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கேட்கும் சத்தங்களைச் சில வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ‘டிக் டிக்’ என்று மேலிருந்து வரும் டேப்பெட் சத்தம். வால்வைத் தள்ளும் பகுதிக்கும் வால்வுக்கும் நடுவே தலைமயிர் பருமன் அளவே இடைவெளி இருக்கவேண்டும். அது கூடினால் இந்தச் சத்தம் எழும். கேம் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்ட்டின் பாதி வேகத்தில்தான் சுழல்கிறது. ஆகையால் எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் வால்வு ஒருமுறைதான் தட்டும். நிமிடத்துக்கு 1400 சுற்றில் நின்று ஓடும் வண்டியில் ஒரு வால்வின் தட்டு விநாடிக்குப் பன்னிரண்டுக்குள் அடங்கும். எஞ்சின் வேகத்தைவிடச் சத்தம் நிதானமாக வருகிறதென்றால் கோளாறு மேலே என்று ஊகிக்கலாம். இது அவசர நோயன்று. ஆனால் அளவு பார்த்துச் சரிசெய்யவேண்டும்.

இரண்டாவது, ‘கரகர’ என்று பக்கவாட்டிலிருந்து வரும் டைமிங் செயின் சத்தம். செயின் நீண்டாலோ, அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்தாலோ வரும். எங்கள் வண்டியில் கேட்டது இதுதான். எண்ணெய் குறைந்து வறண்ட செயினின் முறையீடு அது.

மூன்றாவது, குளிர்ந்த எஞ்சினில் மட்டும் கேட்டு, சூடானதும் மறையும் மந்தமான ‘தட தட’. தேய்ந்த சிலிண்டருக்குள் பிஸ்டன் ஆடுவதால் வருவது. பிஸ்டன் சூட்டில் விரிந்து இடைவெளி நிரம்பியதும் அடங்கிவிடும். சில காலம் ஓட்டலாம். ஆயினும் முதுமையின் அறிகுறி என்று கொள்க.

நான்காவது, அடியிலிருந்து ஆழமாக வரும் ‘டக் டக்’. ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போதும், பாரம் ஏற்றும்போதும் வலுக்கும். கனெக்டிங் ராடின் கீழ்ப்புறப் பேரிங் தேய்ந்ததைச் சொல்வது இது. இதைக் கேட்டால் வண்டியை அங்கேயே நிறுத்தித் தள்ளிக்கொண்டு போவதே அறிவுடைமை.

ஐந்தாவது, டாப் கியரில் மெதுவாக மேடு ஏறும்போது கேட்கும் ‘கிளிங் கிளிங்’ என்ற சிலம்பொலி. எரிபொருள் ஒழுங்கற்று வெடிப்பதன் ஒலி. கியரைக் குறைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் காட்ட வேண்டும்.

இவையன்றிப் பொய்ச் சத்தங்களும் உண்டு. தளர்ந்த லெக் கார்டு, கழன்ற நம்பர் பிளேட், சைலென்சர் மூட்டில் கசியும் புகை ஆகியவை எஞ்சின் நோய்போல் நடிக்கும். முதலில் இவற்றைக் கையால் அழுத்திப் பார்த்துவிடவேண்டும். பட்டறையில் அண்ணன் நீண்ட ஸ்குரூடிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதருகே வைத்துக் கேட்பார். உலோகத்தில் ஓடும் ஒலியில் பெரும்பகுதி காற்றுக்குள் இறங்காமல் திரும்பிவிடுகிறது. கம்பி வழியே வந்தால் அது காதுக்கு எட்டும். மருத்துவரின் ஸ்டெதஸ்கோப்புக்கு இணையான கருவி இது. சுழலும் பாகங்களுக்கும் சுடும் சைலென்சருக்கும் அருகில் போகாமல் செய்யவேண்டும்.

எண்ணெய் ஏன் கெடுகிறது?

“ஆயில் உள்ளேயேதானே இருக்கிறது, எப்படிக் கெடும்?” என்று நண்பர்கள் கேட்பதுண்டு. சூட்டில் எண்ணெய் ஆக்ஸிஜனோடு சேர்ந்து மாறுகிறது. எரிதலில் பிறக்கும் கரி கலக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. அதில் சிறுபகுதி உள்ளே இறங்குகிறது. நீண்ட தூரம் ஓடினால் அது சூட்டில் வெளியேறிவிடும். கல்லூரிக்கும் டீக்கடைக்கும் மட்டும் ஓடும் வண்டியில் தங்கிவிடும். இவற்றோடு, கியர்ப் பற்களுக்கிடையே நசுங்கி எண்ணெயின் பாகுநிலையும் குறைகிறது.

எண்ணெய் கறுத்துவிட்டது என்பதற்காக மட்டும் அஞ்சவேண்டாம். கரியைக் கழுவுகிறது என்பதற்கு அது அடையாளம். பால்போல் வெளுத்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. விரலில் தேய்க்கும்போது மினுமினுத்தால் உலோகம் தேய்கிறது. இவை இரண்டும் ஆபத்து.

அளவு குறைவது எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. 50 மில்லிமீட்டர் அலுமினியத் துண்டு நூறு பாகை கூடுதலாகச் சூடேறினால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலாக விரிகிறது. வார்ப்பிரும்பு அதில் பாதிதான் விரியும். பிஸ்டன் அலுமினியம், சிலிண்டரின் உட்சுவர் வார்ப்பிரும்பு. நடுவே உள்ள இடமோ ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு. சூட்டை ஏந்திச் செல்லும் எண்ணெய் இல்லாதபோது பிஸ்டன் விரிந்து சுவரைக் கவ்விக்கொள்கிறது. எங்கள் வண்டி மேட்டில் நின்றதன் காரணம் இதுவே. நம் ஊர்களில் ஓடும் சிறிய வண்டிகள் பலவற்றில் எண்ணெய் குறைந்தால் எரியும் விளக்குக் கிடையாது. சத்தம் ஒன்றே எச்சரிக்கை.

நாம் செய்யவேண்டியவை

வாரம் ஒருமுறை வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, அளவுகோலைத் துடைத்து விட்டு எடுத்துப் பார்க்கவேண்டும். இரண்டு கோடுகளுக்கு இடையே எண்ணெய் இருக்கவேண்டும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. பல சிறிய வண்டிகளுக்கு எண்ணெய் மாற்றும் கெடு மூவாயிரம் முதல் ஆறாயிரம் கிலோமீட்டருக்குள் அமையும். உங்கள் வண்டிக்கு உரியது கையேட்டில் இருக்கிறது. பாரம் சுமக்கும் வண்டிக்கும் புழுதிச் சாலையில் ஓடும் வண்டிக்கும் முன்னதாகவே மாற்றுவது நன்று. எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது வடித்தால் அழுக்கும் சேர்ந்து வெளியேறும். வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ வயலிலோ கொட்டாமல், சேகரிக்கும் பட்டறையில் கொடுக்கவேண்டும். காலி டப்பாவில் ஓட்டை போட்டுவிட்டால் அதில் போலி எண்ணெய் அடைத்து விற்க முடியாது. பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு: உங்கள் எஞ்சின் எண்ணெய் பெட்ரோலோடு எரிந்துவிடுகிறது. ஆனால் கியர் பெட்டி எண்ணெய் தனி. அதை மாற்ற மறக்கவேண்டாம்.

நானூறு, ஐந்நூறு ரூபாய் எண்ணெயைத் தள்ளிப் போட்டதற்கு எங்கள் வீடு ஏழாயிரத்து எண்ணூறு ரூபாயும் ஓராண்டும் கொடுத்தது. அப்பாவை நான் குறை சொல்லவில்லை. அந்த வண்டியின் கையேடு ஆர்.சி. புத்தகத்தோடு டிரங்குப் பெட்டியில் பத்திரமாகவே இருந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் அதைத் திறக்கவில்லை.

இப்போது அதன் பராமரிப்பு அட்டவணையைத் தமிழில் எழுதிக் கதவின் பின்புறம் ஒட்டியிருக்கிறேன். அப்பா பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆயில் மாற்றிய கிலோமீட்டரைக் குறித்து வருகிறார். போன மாதம் அவரே கூப்பிட்டு, “மேல டிக் டிக்னு கேக்குது, டேப்பெட் பாக்கணும்டா” என்றார். பார்த்தோம், அவர் சொன்னதே சரி.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். நாம் படிக்கும் உராய்வும் வெப்ப விரிவும் பாகுநிலையும் தேர்வுத்தாளோடு நின்றுவிடவேண்டியவை அல்ல. இன்று மாலை வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டு வண்டியின் அளவுகோலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அது சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள்.