ஜிபிஎஸ் இல்லை, சிப் இல்லை... சால்மன் மீன் போன கடலைக் காட்டிக்கொடுக்கும் செதில்!

ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் மீன் அட்லாண்டிக் சால்மன். நடுவில் ஓர் ஆண்டோ, அதற்கு மேலோ கடலில் இருக்கும். அப்போது எந்தப் பக்கம் போனது? மீனைக் கொல்லாமலே இதற்குப் பதில் சொல்கின்றன அதன் செதில்கள்.

*அது எங்கே போனால் நமக்கென்ன?*

சால்மன் குறைந்துகொண்டே வருகிறது. 2006-க்கும் 2020-க்கும் இடையே உலக அளவில் அதன் எண்ணிக்கை 23% சரிந்ததாகச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2023 டிசம்பரில் அறிவித்தது. பிரிட்டனில் அது இப்போது 'அழியும் அபாயத்தில் உள்ள இனம்'.

ஆற்றைச் சுத்தம் செய்யலாம், தடுப்பணையை அகற்றலாம். ஆனால், கடலுக்குப் போன மீன்களில் பெரும்பாலானவை திரும்பி வருவதே இல்லை. எந்தக் கடலில் இரை தேடுகின்றன என்று தெரியாமல், அங்கே என்ன சிக்கல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

*ஒரு டேக் மாட்டிவிட்டால் போதாதா?*

மாட்டலாம். ஆனால், முதன்முறை கடலுக்குப் போகும் சால்மன் ரொம்பச் சின்னது. பெரிய கருவியைச் சுமக்காது. கருவிக்கும் செலவு அதிகம். திரும்பி வரும் மீன்களோ கொஞ்சம்தான்.

இன்னொரு வழி, மீனின் தலைக்குள் இருக்கும் காதுக்கல். மீனின் வாழ்க்கை முழுவதும் அதில் வேதியியல் தடயமாகப் பதிந்திருக்கும். ஆனால், அதை எடுக்க மீனைக் கொன்றாக வேண்டும். அழிந்துவரும் இனத்தைக் காப்பாற்ற அதையே கொல்வதா?

செதிலுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. முதுகுத் துடுப்புக்குப் பின்னால் விலாப்பக்கத்தில் சில செதில்களை மட்டும் எடுத்துவிட்டு, மீனைத் தண்ணீரில் விட்டுவிடலாம். அந்த இடத்தில் புதுச் செதில் முளைத்துவிடும்.

*செதிலுக்குள்ள என்ன இருக்கு?*

மரத்தில் இருப்பதுபோல வளையங்கள் இருக்கும். ஆற்றில் மெதுவாக வளரும்போது நெருக்கமாகவும், கடலில் வேகமாக வளரும்போது அகலமாகவும் விழும். இதை வைத்து வயதைக் கணிப்பது பழைய முறை.

புதுசு, வேதியியல். செதிலின் மேலடுக்கு கால்சியம் பாஸ்பேட். அடியில் இருப்பது கொலாஜன் என்ற புரதம். பெரும்பாலான ஆறுகளைவிடக் கடல்நீரில் ஸ்ட்ரான்சியம் அதிகம் என்பதால், மேலடுக்கில் அதன் அளவு கூடினால் மீன் கடலுக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.

எந்தக் கடல் என்பதைச் சொல்வது கொலாஜனில் உள்ள கார்பன். கார்பன்-12, அதைவிடச் சற்றுக் கனமான கார்பன்-13 இரண்டும் எல்லாக் கடலிலும் உண்டு. கடலில் மிதக்கும் நுண்தாவரங்களில் இவற்றின் விகிதம், நீரின் வெப்பநிலை போன்ற சூழலைப் பொறுத்து இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தத் தாவரங்களைத் தின்னும் சிற்றுயிர்கள், அவற்றைத் தின்னும் மீன்கள் என்று உணவுச்சங்கிலி வழியாக அந்த விகிதம் சால்மனின் செதிலுக்கு வந்து சேர்கிறது.

*அதை வைத்து எப்படிக் கண்டுபிடிச்சாங்க?*

சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இதைச் செய்துகாட்டியது. பல ஆண்டுகளாகச் சேமித்து வைத்திருந்த செதில்களில் கார்பன் விகிதம் ஆண்டுதோறும் எப்படி ஏறி இறங்கியது என்று பார்த்தார்கள். அதே ஆண்டுகளில் செயற்கைக்கோள்கள் பதிவுசெய்த கடல்மட்ட வெப்பநிலையோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் எந்தக் கடல்பகுதியில் நன்றாகப் பொருந்துகிறதோ, அதுதான் மீன் இரை தேடிய இடம்.

முடிவு: தென் இங்கிலாந்தின் ஃப்ரோம் ஆற்று மீன்கள் போனது ஐஸ்லாந்து பக்கம். வடகிழக்குக் கடற்கரை மீன்கள் போனது நார்வே கடல் பக்கம். ஒரே நாட்டு மீன்கள், வெவ்வேறு கடல்கள். அப்படியென்றால் இரண்டுக்கும் ஒரே பாதுகாப்புத் திட்டம் சரிவராது.

*குறையே இல்லையா?*

இருக்கு. விழுந்து மீண்டும் முளைத்த செதிலில் பழைய பதிவு இருக்காது. ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் சாப்பிடுவதை நிறுத்திவிடுவதால், செதிலின் ஓரம் கரையவும் செய்யும். கிடைக்கும் பதிலும் ஒரு கடல்பகுதிதான், துல்லியமான புள்ளி அல்ல.

ஆனால், டேக்கால் முடியாத ஒன்று செதிலால் முடியும். வயதைக் கணிக்க அன்று எடுத்து, உலர்த்தி, காகித உறையில் போட்டு வைத்த செதில்கள் பல நாடுகளில் இருக்கின்றன. கடல் இவ்வளவு சூடாவதற்கு முன்பு சால்மன் எங்கே மேய்ந்தது என்ற கேள்விக்கு, அந்த உறைகளில்தான் பதில் இருக்கிறது.