வண்டியின் மூச்சு



முற்காலத்தில் தோட்டத்துச் சாலைகளில் ஓடிய லாரிகளும் டிராக்டர்களும் பெரும்பாலும் நிர்வாகத்துக்கே சொந்தமாக இருந்தன. இன்று அப்படியில்லை. சேமிப்பையும் கடனையும் ஒன்றுசேர்த்து, பழைய டர்போ டீசல் பிக்-அப் வண்டி ஒன்றை வாங்கி, செம்பனைக் குலையும் உரமூட்டையும் ஏற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. அத்தகைய வீட்டில் வண்டி நின்றால் வருமானமும் நின்றுவிடும். ஆகவே, அந்த வண்டி விடும் மூச்சைப் பற்றி இன்று சற்று ஆராய்வோம்.

உதிரிப்பாகக் கடைகளில் பலவகைக் காற்று வடிகட்டிகளும் காற்றுக் குழாய்களும் விற்பனைக்கு உள்ளன. "இதை மாட்டுங்கள், இழுவை கூடும், டீசல் மிச்சமாகும்" என்று விற்பவர் சொல்வார். 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதி, தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஒரேயடியாக உயர்ந்தது. அத்தகைய அனுபவம் உள்ளவர் காதில் இந்தப் பேச்சு தேனாகத்தான் பாயும். ஆனால் அது எவ்வளவு தூரம் உண்மை?

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் டீசலின் எடை ஏறக்குறைய 840 கிராம். அது முழுவதும் எரிவதற்குக் குறைந்தது 12 கிலோ காற்று வேண்டும். கொள்ளளவில் சொன்னால் அது சுமார் 10,000 லிட்டர். 200 லிட்டர் எண்ணெய்ப் பீப்பாயில் அளந்தால் 50 பீப்பாய்! நடைமுறையில் டீசல் எஞ்சின் இதைவிடவும் அதிகமாகவே காற்றை இழுக்கிறது.

இவ்வளவு காற்றையும் உள்ளே தள்ளிக் கொடுப்பதுதான் டர்போவின் வேலை. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் பொருத்திய மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஆல்பிரெட் பூஷி 1905ஆம் ஆண்டில் இந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய பிக்-அப் வண்டிகளில் இந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழல்கிறது. அத்தனை வேகத்தில் சுழலும் மெல்லிய இதழ்களின் மேல் மண் துகள் மோதினால் என்னவாகும்? இதழின் விளிம்பு தேயும். உள்ளே போகும் தூசி எஞ்சினின் பிஸ்டன் வளையத்தையும் சிலிண்டர் சுவரையும் அரத்தால் அராவுவதுபோல் தேய்க்கும். மணலிலுள்ள குவார்ட்ஸ் துகள் சாதாரண எஃகையே கீறவல்லது. நம் செம்மண் சாலையில் வெயில் காலத்தில் எழும் புழுதியை நினைத்துப் பாருங்கள்.

அப்படியானால், அதிகக் காற்று விடும் வடிகட்டியை மாட்டினால் இழுவை கூடுமா? டீசல் எஞ்சினில் சக்தியைத் தீர்மானிப்பது உள்ளே பீய்ச்சப்படும் டீசலின் அளவு. காற்று ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. அடுப்பில் இரண்டு விறகு மட்டும் இருக்கும்போது, ஊதாங்குழலால் எவ்வளவு ஊதினாலும் மூன்று விறகின் சூடு வராது அல்லவா? அதுபோலத்தான் இதுவும். டீசல் அளவை மாற்றாத வண்டியில், பழைய வடிகட்டி சுத்தமாக இருக்கும்வரை, புதுக் குழாயினால் பெரும்பாலும் கூடுவது சத்தம்தான்.

இனி வகைகளைப் பார்ப்போம்.

முதலாவது, பெட்டி இல்லாமல் கூம்பு வடிவில் எஞ்சினின் பக்கத்திலேயே மாட்டும் திறந்த வடிகட்டி. இது எஞ்சினைச் சுற்றியுள்ள சூடான காற்றை இழுக்கிறது. 30 பாகை காற்று 60 பாகைக்குச் சூடேறினால், அதே கொள்ளளவில் அதன் எடை நூற்றுக்கு 9 பங்கு குறைந்துவிடும். அதிகக் காற்று வேண்டிச் செலவு செய்தவருக்குக் குறைந்த காற்றே கிடைக்கிறது.

இரண்டாவது, எண்ணெய் பூசிய பருத்தித் துணி வடிகட்டி. கழுவித் திரும்பவும் பயன்படுத்தலாம். ஆனால் எண்ணெயை அதிகமாகப் பூசிவிட்டால், அது காற்றின் அளவை அறியும் உணர்கருவியின் மெல்லிய கம்பியில் படிந்து கணக்கைக் குழப்பிவிடும்.

மூன்றாவது, வண்டியோடு வந்த மூடிய பெட்டியில் பொருந்தும் மடிப்புத்தாள் வடிகட்டி. பார்வைக்குச் சாதாரணமானது, தூசி பிடிப்பதில் கெட்டிக்காரன். தோட்டத்துப் புழுதிக்கு இதுவே ஏற்றது.

நான்காவது, கூரை உயரத்துக்கு ஏறும் காற்றுக் குழாய். முன்னே போகும் லாரி கிளப்பும் அடர்ந்த புழுதிக்கு மேலிருந்து இது காற்றை எடுக்கிறது. இதன் தலையில், காற்றைச் சுழற்றிப் பெரிய துகள்களை வெளியே எறியும் முன்வடிகட்டியையும் பொருத்தலாம். ஆனால் இணைப்புகளில் ஓர் ஓட்டை இருந்தாலும் பயனில்லை. இந்தக் குழாய் இருக்கிறதென்று வெள்ளத்தில் இறங்கவும் கூடாது. இத்தகைய மாற்றத்துக்கு முன் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் அனுமதி பற்றிக் கேட்டறிவது நல்லது.

கடையில் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒன்று: ஐ.எஸ்.ஓ. 5011 என்னும் சோதனைப்படி இது நூற்றுக்கு எத்தனை பங்கு தூசியைப் பிடிக்கிறது? 99 பங்கு பிடிப்பது, வரும் 100 கிராம் தூசியில் 1 கிராமை உள்ளே விடும். 97 பங்கு பிடிப்பது 3 கிராமை விடும். பேச்சில் வித்தியாசம் இரண்டே பங்கு. எஞ்சினுக்கோ மூன்று மடங்கு தூசி! இரண்டு: இது எங்கிருந்து காற்றை எடுக்கிறது? மூன்று: என் வண்டியின் பெட்டியிலும் குழாயிலும் இடைவெளியின்றிப் பொருந்துமா? எழுத்தில் பதில் கிடைக்காவிட்டால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பிலும் கவனம் வேண்டும். தாள் வடிகட்டியைத் தரையில் தட்டுவதும், வேகமான காற்றால் ஊதுவதும் கண்ணுக்குத் தெரியாத கிழிசலை உண்டாக்கும். அடிக்கடி கழற்றவும் வேண்டாம். இலேசாகத் தூசி படிந்த தாள் புதுத் தாளைவிட நன்றாகவே வடிகட்டுகிறது. வண்டிக் கையேடு புழுதிச் சாலைக்குச் சொல்லும் தூரத்தில் மாற்றிவிடுங்கள். மாற்றிய தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் குறித்து வையுங்கள்.

எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு, வடிகட்டிக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் செம்மண் ஒட்டினால், வடிகட்டியிலோ இணைப்பிலோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். உடனே பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள். இணைப்பு வளையம் ஒன்றை மாற்றுவது சில வெள்ளிச் செலவு. டர்போவை மாற்றுவதோ ஆயிரக்கணக்கில் போகும்.

நேயர்களே, குளிர்ந்த காற்று, தூசியற்ற காற்று, ஓட்டையில்லாத வழி: வண்டி நம்மிடம் கேட்பது இம்மூன்றையே. சத்தத்துக்கும் பளபளப்புக்கும் கொடுக்கும் பணத்தை, காலத்தில் மாற்றும் நல்ல வடிகட்டிக்குக் கொடுத்தால், வண்டியும் நெடுநாள் உழைக்கும். வாங்கிய கடனும் அடையும்.